பச்சைக் கண்ணாடி இல்லாத படம்

ஸ்காபரோ
14 ஏப்ரல் 2024

அன்புள்ள தனுவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். நான் நல்ல சுகம். நீயும் மாமாவும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றுப் போனில் அரை மணி நேரம் கதைத்த மனிசன் இன்று ஏன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். எல்லாம் கிளடிஸ் அக்காவின் வேலை.

மார்க்கம் வீதியில் ஒரு பிளாசாவில், நகைக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய குடிவரவுக் கந்தோர். உன்னைக் கனடாவுக்குக் கூப்பிடும் பைலை அவர்தான் தயாரித்தார். போன கிழமை என்னை இருத்தி வைத்துத் திட்டினார். “தம்பி, ‘சாப்பிட்டியா’, ‘ம்’, ‘ஓம்’ எண்டு வட்சப்பில எழுதினதைக் காட்டி இது மெய்யான கலியாணம் எண்டால் ஆர் நம்புவினம்? கையால எழுதி முத்திரை ஒட்டின கடிதம் வேணும். மாசத்துக்கு ஒண்டெண்டாலும் எழுதுங்கோ” என்றார்.

கலியாணம் கட்டிப் பதினொரு நாள் உன்னோடு இருந்தேன். பிரிந்து மூன்று மாதமாகிறது. இனி எங்கள் அன்பைப் போஸ்ட் ஒபிஸ்தான் நிரூபிக்க வேண்டும். இதை மொழிபெயர்த்து வாசிக்கப்போகும் ஒபிசருக்கும் என் வணக்கம்.

இன்னொன்றும் சொன்னார். இன்ரவியூவில் புருசனுக்கு என்ன வேலை என்று கட்டாயம் கேட்பார்களாம். “பக்டரியில” என்று மட்டும் சொன்ன ஒரு பிள்ளையின் பைல் ஒன்றரை வருடம் இழுபட்டதாம். ஆகவே என் வேலையை நீ பாடமாக்க வேண்டும். இப்போது உனக்கு என்ன தெரியும் என்று எழுது, திருத்துகிறேன்.

எனக்கு இங்கே ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வேலை முடிந்தால் பேஸ்மெண்டுக்குப் போக மனமில்லாமல் பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரை போய்த் திரும்பி வருகிறேன். மாமியின் முழங்கால் எப்படி? கெதியாகப் பதில் போடு.

அன்புடன்,
கஜீவன்


களுவாஞ்சிகுடி
6 மே 2024

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு அம்மா நேர்த்தி வைத்திருக்கிறா. கடிதம் வர பத்தொன்பது நாள் எடுத்தது. அப்பா வாசலிலேயே பிரிக்கப் பார்த்தார், பறித்துக்கொண்டு ஓடினேன்.

ஒபிசர்மாரை நக்கலடிக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் நானும் ஒரு ஒபிசர்தான். வீட்டுத்திட்ட விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கூரையே இல்லை என்று எழுதியிருப்பார்கள், இணைத்த படத்தின் மூலையில் புது ஓடு தெரியும். ஒருவர் மறைக்கிற விசயம் அவர் தந்த தாளிலேயே இருக்கும். ஆறு வருடமாகப் பார்க்கிறேன்.

உங்கள் வேலை பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: லேசர் செய்யும் கம்பனி, அங்கே கண்ணாடி நாரை ஒட்டுகிறீர்கள். அம்பிளிபயர் என்றும் ஒருநாள் சொன்னீர்கள். அம்பிளிபயர் என்றால் அம்மன் கோயில் சடங்குக்கு ஒலிபெருக்கியோடு கொண்டுவரும் பெட்டிதான் நான் கண்டது. எங்கள் வீட்டு இன்ரநெற்றும் கண்ணாடி நாரில்தான் வருகிறது. அதற்கும் உங்களுடையதற்கும் என்ன வித்தியாசம்? ஒபிசர் முன்னால் நான் முழிக்கக் கூடாது, விளக்கமாக எழுதுங்கள்.

வேலைசெய்கிற படம் ஒன்றும் அனுப்புங்கள். அம்மா கேட்கிறா, நான் கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தனுசியா


ஸ்காபரோ
26 மே 2024

அன்புள்ள தனுவுக்கு,

சுகமாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், சரியா? இனிப் பாடம்.

இன்ரநெற் நாரும் எங்கள் நாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், தொழில்தான் வேறு. இன்ரநெற் நாரின் நடுவே வெளிச்சம் ஓடும் வழி, தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு. செய்தி காவுகிற வெளிச்சத்துக்கு அது போதும். இரும்புத் தகட்டை வெட்டுகிற வெளிச்சத்தை அதற்குள் திணித்தால், தீமிதிப்பு அன்று ஊர்ச்சனம் முழுவதையும் உங்கள் வீட்டு ஒழுங்கையால் விட்டது போலத்தான். நெரிசலில் கண்ணாடியே எரியும். எரியத் தொடங்கினால், அந்த எரிவு வெளிச்சம் வந்த வழியே பின்னோக்கி ஓடும், வெடித்திரியில் நெருப்பு ஓடுவது போல. மீற்றர் கணக்கில் நார் பாழாகும்.

எங்கள் நார் இந்த வேலைக்கென்றே செய்தது. நடு வழி அகலம், அதனால் நெரிசல் குறைவு. அதைச் சுற்றி இன்னொரு பெரிய வழி. மலிவான டயோட்டுகளின் முரட்டு வெளிச்சத்தை அந்த வெளி வழிக்குள் அள்ளி ஊற்றுவோம். அது போகிற போக்கில் நடு வழியைக் குறுக்கே கடந்து கடந்து போகும். நடுக் கண்ணாடியில் இற்றர்பியம் என்ற ஒரு பொருள் கலந்திருக்கிறது. அது முரட்டு வெளிச்சத்தை வாங்கி, நடுவே ஓடும் மெல்லிய லேசருக்குக் கொடுத்துவிடும். ஒரு முனையில் நோஞ்சானாகப் போனது மறுமுனையில் நூறு மடங்கு வலுவோடு, நேராக வெளியே வரும். இதுதான் எங்கள் அம்பிளிபயர். உங்கள் கோயில் பெட்டி பூசாரியின் குரலுக்குச் செய்வதை இது வெளிச்சத்துக்குச் செய்கிறது.

பழைய லேசர்களில் ஆடிகளை அளந்து நிறுத்த வேண்டும், மேசையை இடித்தால் எல்லாம் பிசகிவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை, வெளிச்சம் நாருக்குள்ளேயே ஓடுகிறது. பத்து மீற்றர் நாரைச் சுருட்டிச் சாப்பாட்டுத் தட்டளவு தகட்டில் வைத்து மூடலாம். மெலிந்து நீண்டு கிடப்பதால் சூடும் கெதியாக ஆறும். சரியான வளைவில் சுருட்டினால் குழம்பிய வெளிச்சம் கசிந்துபோய் நல்லது மிஞ்சும்.

நாரின் முனைகளை வெட்டி, உருக்கி, ஒன்றாக ஒட்டுவது என் வேலை. எங்கள் பதினாலு பேரில் என் ஒட்டில்தான் ஆகக் குறைவாகக் கசியும். இதை ஒபிசரிடம் கட்டாயம் சொல்லு.

இந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அறைக்குள் எல்லோரும் பச்சைக் கண்ணாடி போட வேண்டும். யூட்சன் என்று என் கூட்டாளி, பெட்டி கட்டுகிற பகுதியில் இருக்கிறான். அவனுக்கு எங்கள் அறையில் வேலை இல்லை, அந்தக் கண்ணாடியைச் சுமக்காத பாக்கியவான். மாமிக்குப் படம் வைத்திருக்கிறேன்.

எல்லோருடைய சுகத்தையும் எழுது.
கஜீவன்


களுவாஞ்சிகுடி
16 ஜூன் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன் அறிவித்தல் தருகிறது. உங்கள் பாடத்தைக் கந்தோரில் மூன்று பேருக்குச் சொல்லிக் காட்டிவிட்டேன். அகலமான நடு வழி, சுற்றி இன்னொரு வழி, இற்றர்பியம், சுருள் எல்லாம் பாடம். ஒரு கேள்வி. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்றால், அது ஓடுகிறதா நிற்கிறதா என்று எப்படித் தெரியும்?

படம் வந்தது. அம்மா கையில் எடுத்ததும், “என்னகா புள்ள, மருமகன்ட முகத்தில பாதிய இந்தப் பச்சைக் கண்ணாடி மறைச்சிக் கிடக்கு. இதக் கழட்டிப்போட்டு ஒண்டு எடுத்து அனுப்பச் சொல்லு” என்றா. அம்மாவின் பெயரில் ஏன் ஒளிவான், எனக்கும் உங்கள் கண்ணைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஒரு நிமிடம் கழற்றினால் கம்பனி முழுகிவிடுமா? அந்தச் சுருளையும் காட்டிக்கொண்டு நில்லுங்கள்.

நீங்கள் போன பிறகு எனக்கும் ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. உடம்பைக் கவனியுங்கள்.

உங்கள் தனு


ஸ்காபரோ
31 ஜூலை 2024

அன்புள்ள தனுவுக்கு,

சுகம். பதில் பிந்திவிட்டது, வேலை கூட. படம் இருக்கிறது. மாமியிடம் கொடு.

நீ கேட்டது நல்ல கேள்வி. ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சின்ன அட்டை உண்டு, வெளிச்சம் பட்டால் மினுங்கும். மற்றும்படி தெரியாது. சத்தமும் இல்லை.

என் போன் கமரா பழுது. வீடியோவில் வரமுடியாது, குரல் மட்டும்தான் கொஞ்ச நாளைக்கு. யூட்சனுக்குக் கண்ணில் சின்னக் காயம். லேசர் பட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள்.

மாமாவையும் மாமியையும் சுகம் கேட்டதாகச் சொல்லு.
கஜீவன்


களுவாஞ்சிகுடி
22 ஓகஸ்ட் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நீங்கள் சுகம் என்று ஒரு சொல்லில் எழுதியிருக்கிறீர்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

படத்துக்குச் சட்டம் போட்டாயிற்று. ஒரு கையில் தகட்டின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண் முழுவதும் சிரிப்போடு நிற்கிறீர்கள். வாரவன் போறவனுக்கெல்லாம் அம்மா காட்டுகிறா. மூலையில் ஜூலை 9 என்று திகதி இருக்கிறது. எடுத்த படத்தை அனுப்ப மூன்று கிழமையா?

யூட்சன் பாவம். ஆனால் அவருக்கு உங்கள் அறையில் வேலையே இல்லை என்றல்லவா எழுதினீர்கள்? எப்படிப் பட்டது? கண் பார்க்கிறதா? அவருடைய வீட்டுக்காரருக்குச் சொன்னாரா?

போனிலும் நீங்கள் வேலையைப் பற்றிக் கதைப்பதில்லை. கேட்டால் மழை பெய்கிறது என்கிறீர்கள். கமராவைத் திருத்துங்கள், ஒரு போனுக்கு எத்தனை நாள்?

உங்கள் சுகத்தை இரண்டு வரியாவது எழுதுங்கள்.
தனு


ஸ்காபரோ
29 செப்ரெம்பர் 2024

அன்புள்ள தனுவுக்கு,

நான் சுகம், நல்ல சுகம். இரண்டு வரி கேட்டாய், இதோ இரண்டாவது: ஒரு குறையும் இல்லை.

யூட்சன் அன்றைக்கு என்னைப் படம் எடுக்கத்தான் உள்ளே வந்தான். அப்போது பட்டது. இடது கண் சுத்தமாக இருக்கிறது. வலது கண்ணில்தான், பார்வையின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. அந்தக் கண்ணால் ஒரு படத்தைப் பார்த்தால் ஓரமெல்லாம் தெரியுமாம், காது தெரியுமாம், தோடும் தெரியுமாம், முகம் இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லையாம். கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினால் வெளியே போகுமாம். பழகிவிடும் என்று டொக்டர் சொல்கிறார். வீட்டில் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்வது, அதுகள் அங்கே கிடந்து அழும்.

நான் வழக்கம்போல நாரை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரை இரண்டு தடவை போய் வருகிறேன். சும்மா இருந்தால் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாமிக்கு ஒரு எண்ணெய் அனுப்புகிறேன், முழங்காலுக்கு.
கஜீவன்


களுவாஞ்சிகுடி
24 ஒக்ரோபர் 2024

மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று இந்த முறை எழுத முடியாது. அம்மாவும் அப்பாவும் சுகம், நான் இல்லை.

போனில் சொன்னேனே, ஜனவரி 21 இன்ரவியூ, கொழும்பில். அதற்காக உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்து, யாரோ ஒருவருடைய விண்ணப்பம் போல வாசித்தேன். யூட்சன் கண்ணால் என்ன தெரிகிறது என்பதை யூட்சன்கூட இவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார். யூட்சனுக்குத் தோடு போட்ட யார் இருக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியாது. ஜூலைக்குப் பிறகு உங்கள் வரிகள் தாளின் வலப்பக்கம் போகப் போகக் கீழே சரிகின்றன. வீடியோவில் வருவதில்லை.

பிறகு சட்டத்தைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தேன். உங்களுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி. அதில் படம் எடுக்கிறவர் தெரிகிறார். யூட்சன் முகத்தில் பச்சைக் கண்ணாடி இருக்கிறது, மச்சான். அந்த அறையில் கழற்றி நின்றவர் நீங்கள் ஒருவர்தான். கழற்றச் சொன்னவள் நான்.

இதைத்தான் மறைத்தீர்கள், இல்லையா? எனக்காக மறைத்தீர்கள் என்று நான் உருகிப்போக வேண்டுமா? எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டு மாதமாக என் வீட்டுச் சுவரில் அந்தப் படத்தை மாட்டி, நான் சிரித்துக்கொண்டு போய் வந்திருக்கிறேன். என்னை இவ்வளவு முட்டாளாக்கலாமா?

ஒபிசர் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ஒரு கண்ணோடு நாரை ஒட்டுகிறீர்களா, இல்லையா? எனக்குத் தெரியாது. புருசனைப் பற்றி ஒன்றும் தெரியாத பெண் என்று எழுதுவார்கள், அது சரியாகவும் இருக்கும்.

போனில் கேட்கமாட்டேன். இங்கே அம்மா பக்கத்தில் இருப்பா, நீங்கள் மழை பெய்கிறது என்பீர்கள். எழுதுங்கள். சுகம் என்ற சொல்லை மட்டும் எழுத வேண்டாம்.

தனுசியா


ஸ்காபரோ
12 நவம்பர் 2024

அன்புள்ள தனு,

சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன். ஒக்ரோபரில் நீ எழுதியதாகச் சொன்ன கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரர் வேலைநிறுத்தம் வரப்போகிறது என்கிறார்கள். அதற்கு முன் இதைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். போட்டால் திருப்பி எடுக்க முடியாது. எனக்கு அதுதான் வேண்டும்.

யூட்சனுக்கு ஒன்றும் இல்லை. கண் போனது எனக்கு. வலது கண்ணின் நடு.

ஜூலை 9 ஒரு அம்பிளிபயரைச் சோதனை ஓட்டத்தில் விட்டிருந்தோம். எட்டு மணி நேரம் ஓட வேண்டும், இடையில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு மணி நேரம் ஓடிவிட்டது. ஒரு படத்துக்காக நிறுத்துவானேன் என்று நினைத்தேன். யூட்சன் வாசலில் இருந்த பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தான். “டேய், நிப்பாட்டிப்போட்டுக் கழட்டடா” என்று சொன்னவனும் அவன்தான். நான் சிரித்தேன். உனக்குச் சுருளைக் காட்டவென்று தகட்டின் மூடியைத் தூக்கினேன். நாரின் முனைக்கும் வெளிச்சத்தை அளக்கும் மானிக்கும் இடையில் ஒரு சாண் வெளி. மூடி பளபளப்பான உலோகம். பதினோரு வருடம் நாரோடு வேலைசெய்கிறவன், அதன் விளிம்பு அந்த வெளிக்குள் போனதைக் கவனிக்கவில்லை. யூட்சன் படத்தை எடுத்தான். அடுத்த நொடி, விளிம்பில் பட்ட லேசர் என் கண்ணுக்குள் தெறித்தது, தலைக்குள் “டப்” என்று ஒரு சத்தம். வலி இல்லை. வெளிச்சம்கூட இல்லை.

இந்த நாரின் நன்மைகளை உனக்குப் பெருமையாக எழுதினேன். சூடேறாது, பிசகாது, சத்தம் இல்லை, எல்லாம் அடக்கமாக ஓடும். அதனால்தான் அது ஓடுவதையே மறந்தேன்.

மனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். ஓகஸ்டிலிருந்து யூட்சனோடு பெட்டி கட்டுகிறேன். நாரைத் தொடுவதில்லை. ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்கு எழுதியது பொய். போன் கமராவும் நன்றாகத்தான் இருக்கிறது. உன்னைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்ற பயம்.

நீ கழற்றச் சொன்னாய், அதனால்தான் என்று நீ நினைத்துவிடுவாய் என்று ஒளித்தேன். தனு, நீ என்னிடம் கேட்டது ஒரு படம். ஓடுகிறதை நிறுத்தாதவன் நான். ஒற்றைக் கண்ணனோடு வந்து என்ன செய்வது என்று நீ நினைத்தால் அதையும் எழுது. ஜனவரி 21க்கு முன் நீ முடிவெடுக்க வேண்டும். ஒபிசர் கேட்டால் பெட்டி கட்டுகிறான் என்று சொல்லு. என் பைலுக்காக நீ அங்கே போய்ப் பொய் சொல்லக் கூடாது.

எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.
கஜன்


களுவாஞ்சிகுடி
22 ஜனவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் நவம்பர் கடிதம் பொங்கல் கழிந்து மூன்றாம் நாள்தான் வந்தது. கிறிஸ்மஸுக்கு முதல் நாள் போனில், “உன்ட கடிதம் இப்பதான் வந்தது. நான் முதலே எழுதிற்றன், வரும்” என்றீர்கள். அதற்குமேல் இருவரும் கதைக்கவில்லை. நான் நம்பவும் இல்லை. நான் பிடித்த பிறகுதான் எழுதியிருப்பீர்கள், பழைய திகதி போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். கந்தோரில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள்!

அதனால் உறையைப் பிரிக்க முன் முத்திரைக் குத்தைப் பார்த்தேன். நவம்பர் 13. என் கடிதம் உங்கள் கையில் கிடைக்க ஆறு கிழமைக்கு முன். யாரும் கேட்காமல் சொல்லியிருக்கிறீர்கள். வாசலிலேயே இருந்து அழுதேன். அப்பா யாரோ செத்துப்போனதாக நினைத்து ஓடிவந்தார்.

நேற்று இன்ரவியூ. ஒபிசர் ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் அக்கா. மூன்றாவது கேள்வியே உங்கள் வேலைதான். “பெட்டி கட்டுறார்” என்றேன். விண்ணப்பப் போமில் வேறு வேலை இருக்கிறதே என்றார். “ஜூலை ஒன்பது வரைக்கும் அதுதான்” என்று சொல்லி, நாரையும் நடு வழியையும் இற்றர்பியத்தையும் ஒப்புவித்தேன். பதினாலு பேரில் உங்கள் ஒட்டுத்தான் குறைவாகக் கசியும் என்றும் சொன்னேன். பிறகு ஏன் மாறினார் என்று கேட்டார். கையில் இரண்டு கடிதம் வைத்திருந்தேன். உங்கள் நவம்பர் கடிதம், என் சண்டைக் கடிதத்தின் போட்டோக்கொப்பி. ஒபிசர் வேலை பழகியவள் அல்லவா, கொப்பி எடுக்காமல் எதையும் தபாலில் போடமாட்டேன்.

அந்த அக்கா இரண்டையும் சத்தமாக வாசித்தா. கழற்றச் சொன்னவள் நான் என்ற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தா. ஒபிசர் பேனையைக் கீழே வைத்தார். இவ்வளவு கோபம் இருந்தால் ஏன் போகிறீர்கள் என்று கேட்டார். “அவரோட சண்டை பிடிச்சு இன்னும் முடியல்ல. இது தபால்ல பிடிக்கிற சண்டை இல்ல” என்றேன். ஒபிசர் சிரித்தாரா என்று தெரியாது, குனிந்துவிட்டார். முடிவு பிறகு அறிவிப்பார்களாம். மற்றக் கடிதங்களை அவர் கேட்கவே இல்லை.

இந்தக் கடிதம் பைலுக்கு இல்லை. கிளடிஸ் அக்காவிடம் கொடுக்க வேண்டாம்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உங்களுக்கும் என்மேல் இருந்தால் சொல்லுங்கள், ஒளிக்க வேண்டாம். ஒற்றைக் கண் என்று இன்னொரு தடவை எழுதினால் எண்ணெய்ப் போத்தலைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அம்மாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். படத்தை இறக்கப் போனேன், “கிடக்கட்டும் கா, அது என்ட மருமகன்” என்று தடுத்துவிட்டா.

நான் சுகமில்லை. நீங்களும் சுகமில்லை என்று அறிந்தேன். இப்போதுதான் இருவரும் ஒரே கலியாணத்தில் இருக்கிறோம் போல இருக்கிறது.

இது உங்கள் கைக்கு வருகிற ஞாயிறு காலை வீடியோவைப் போடுங்கள். இரண்டு கண்ணாலும் பாருங்கள். ஒரு கண்ணுக்கு முகம் அகப்படாவிட்டாலும் பரவாயில்லை. கலியாணத்துக்குப் போட்ட பெரிய தோட்டைப் போட்டுக்கொண்டு இருப்பேன்.

உங்கள் தனு